விழித்திருக்க வைக்கப்பட்ட உடல்கள்
விமானம், மாத்திரை, நைட் ஷிப்ட்

1

ஒரு ராத்திரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1993ஆம் வருஷம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ரோலிங் மில். பெயர் வேண்டாம், இந்தக் கட்டுரைக்கு அது அவசியமில்லை. பதினோரு மாசம் அங்கே ஹெல்ப்பராக இருந்தேன். ராத்திரி எட்டுக்கு உள்ளே போனால் காலை எட்டுக்கு வெளியே. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்திருந்தது. அந்தச் சட்டத்தின் சுருக்கம் கேட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் படித்துப் பார்த்து நான் பார்த்ததில்லை. நானும் படித்ததில்லை.

வேலை இதுதான். உலையில் பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டியை உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். அது நீண்டு, மெலிந்து, சிவப்புப் பாம்பு மாதிரி இந்தப் பக்கம் வரும். இந்தப் பக்கம் நிற்கிறவன் இடுக்கியால் தலையைக் கவ்வித் திருப்பி அடுத்த பள்ளத்தில் நுழைக்க வேண்டும். திரும்ப அந்தப் பக்கம், திரும்ப இந்தப் பக்கம். ஒரு விநாடி கண் சொக்கினால் கம்பி காலைத் தேடி வரும். ராத்திரி இரண்டரை மணிக்கு மேஸ்திரி டீ கொண்டுவருவார். கூடவே ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் தலைவலி மாத்திரை, காஃபீன் கலந்தது. ஆளுக்கு இரண்டு. டீயும் இலவசம், மாத்திரையும் இலவசம். சோறு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் கும்மிடிப்பூண்டி அகதி முகாமைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். டப்பாவை நீட்டினால் தள்ளிவிடுவார். ‘ஏண்ணே, தூக்கம் வராதா உங்களுக்கு?’ என்று ஒருநாள் கேட்டேன். ‘எனக்கு உது வேண்டாம் தம்பி. பொம்மர் வருமெண்டு பங்கருக்குள்ள எத்தினை இரவு நித்திரையில்லாமக் கிடந்தனாங்கள். முழிச்சிருக்க எனக்கு மருந்து தேவையில்லை. நித்திரைக்கு ஏதும் மருந்திருந்தாச் சொல்லு’ என்றார்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு விடியற்காலை ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பையன் ஒருவன் காலில் கம்பி பாய்ந்தது. அவனைத் தூக்கி வெளியே கிடத்தியதும் ஆபீஸிலிருந்து வந்தவர் செய்த முதல் காரியம், குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தது. ‘குடிச்சிருக்கானா?’ அவன் குடிக்கவில்லை. ஆனாலும் காகிதத்தில் அப்படித்தான் ஏறியது. அன்று ராத்திரி டீ வந்தது, பிஸ்கட் டப்பா வரவில்லை. அப்புறம் அதை நாங்கள் பார்க்கவேயில்லை.

யுத்தகால விமானங்கள் பற்றியும், அதை ஓட்டியவர்கள் விழுங்கிய ஊக்கமருந்துகள் பற்றியும் எழுதப் போகிறவன் ஏன் ரோலிங் மில்லில் நிற்கிறான் என்று கேட்பீர்கள். இத்தனை வருஷம் கழித்து இரண்டாம் உலகப் போரின் மருந்து வரலாற்றை வாசிக்கையில் எனக்கு அந்த பிஸ்கட் டப்பாதான் ஞாபகம் வந்துகொண்டேயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன உறவு என்று விளக்கிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

2

முதலில் நம்ம ஊர். யுத்தம் என்றால் ஐரோப்பா, விமானம் என்றால் வெள்ளைக்காரன் என்று ஒரு நினைப்பு நமக்கு. மெட்ராஸிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகிற கொல்கத்தா நெடுஞ்சாலையில் முதலில் வருவது புழல் ஏரி, வெள்ளைக்காரன் வாயில் ‘ரெட்ஹில்ஸ் லேக்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஏரி. 1942 முதல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் படைப்பிரிவு இந்த ஏரியைத்தான் விமானதளமாக வைத்திருந்தது. கேட்டலினா எனும் பறக்கும் படகுகள், தண்ணீரிலிருந்து எழும்பித் தண்ணீரிலேயே இறங்குபவை. வங்காள விரிகுடாவில் ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடுவது, பர்மா, மலேயா கரைகளில் ரகசிய ஆட்களை இறக்கிவிட்டு வருவது அவற்றின் வேலை. மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகம்தான். ஆனால் ஒரே மூச்சில் பதினைந்து, இருபது மணி நேரம் பறக்கும். இன்னும் கொஞ்சம் வடக்கே சோழவரம். யுத்தத்துக்காகப் போட்ட ஓடுபாதை, யுத்தம் முடிந்த பிறகு கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் தடமானது. சோழவரம் பந்தயம் பார்க்கப் போன கதையை வட சென்னையில் பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பிற்பாடு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது.

இந்தத் தயாரிப்புகளெல்லாம் சும்மா வந்ததில்லை. 1942 ஏப்ரல் 5 கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 6ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. அந்த வாரம் மெட்ராஸே காலியானது. அரசாங்க அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு ஓடின. மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளை, குண்டு விழுந்தால் தப்பித்து வெளியே வந்துவிடுமென்று, போலீஸ் சுட்டுக் கொன்றது. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் மெட்ராஸிலும் குண்டு போட்டுவிட்டுப் போனது.

இருபது மணி நேரம் என்று எழுதிவிட்டேன். அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு 1943 முதல் 1945 வரை இதே கேட்டலினாக்கள் தபாலும் இரண்டு மூன்று பயணிகளும் சுமந்து போயின. 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை பிடிக்கும். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்க்கலாம் என்பதால் ‘இரட்டை உதயம்’ என்றே பெயர். விமானத்தின் பெட்ரோல் தொட்டிக்கு முப்பது மணி நேரம் தாங்கும். மனிதக் கண்ணுக்குத் தாங்குமா? வடிவமைத்த எஞ்சினியரின் வரைபடத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. இந்தக் கேள்வியைப் படைகளின் மருத்துவத் துறைகள் எடுத்துக்கொண்டன.

3

ஜெர்மனியில் 1938இல் டெம்லர் என்கிற மருந்துக் கம்பெனி ‘பெர்விட்டின்’ என்ற மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது மெத்தாம்ஃபெட்டமின். இன்றைக்கு ‘மெத்’ என்று போலீஸ் பிடித்துப் பத்திரிகையில் படம் போடுகிற அதே சரக்கு. அன்று சீட்டில்லாமலே கடையில் கிடைத்தது. பெர்லினில் ராணுவ மருத்துவக் கழகத்தின் உடலியல் ஆய்வாளர் ஓட்டோ ராங்கே இதை முதலில் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார். தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்று கண்டார். 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரையான மாதங்களில், அதாவது பிரான்ஸ் வீழ்ந்த அந்த ‘மின்னல் போரின்’ காலத்தில், பெர்விட்டினும் அதன் இன்னொரு வடிவமான ஐசோஃபானும் சேர்ந்து மூன்றரைக் கோடி மாத்திரைகள் ஜெர்மன் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் போயின. சிப்பாய்கள் வைத்த பெயர்களே கதை சொல்லும்: டாங்கி சாக்லேட், ஸ்டூக்கா மாத்திரை. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஹைன்ரிஷ் பொய்ல் அப்போது சாதாரணச் சிப்பாய். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விட்டின் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நம்மில் பலருக்கு அவர் மனசாட்சியின் எழுத்தாளர். இருபத்திரண்டு வயதில் அவருக்கும் தூங்க நேரமிருக்கவில்லை.

மருந்தின் தீங்கு நாஜிகளுக்கும் தெரியாமலில்லை. 1941இல் பெர்விட்டினை அபினிச் சட்டத்துக்குள் கொண்டுவந்து கட்டுப்படுத்தினார்கள். ஆனால் ராணுவத்துக்கு வழங்குவது நிற்கவில்லை. சட்டம் சுவரில், டப்பா மேஜையில்.

தோற்கத் தொடங்கிய பிறகு வந்தவைதான் ‘அதிசய ஆயுதங்கள்’. பரிசோதனை விமானங்களின் காலம் இது. மெஸ்ஸர்ஷ்மிட் 163 கோமெட் என்று ஒரு ராக்கெட் விமானம். மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும். எரிபொருள் ஏழெட்டு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். அப்புறம் விசையில்லாமல் மிதந்து வந்து, சக்கரமில்லாமல் ஒரு சறுக்குக் கட்டை மேல் இறங்க வேண்டும், ஏனென்றால் சக்கரத்தை எழும்பும்போதே கழற்றிவிட்டாகிவிட்டது. அடர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு தொட்டி, ஹைட்ரசின் கலந்த மெத்தனால் இன்னொரு தொட்டி. இரண்டும் தப்பான இடத்தில் சந்தித்தால் வெடிப்பு. பெராக்சைடு மட்டும் கசிந்தாலே விமானியின் சதையை அரித்துவிடும்.

அடுத்தது ஹைங்கல் 162, ‘மக்கள் போர்விமானம்’. 1944 செப்டம்பரில் திட்டம், டிசம்பர் 6இல் முதல் பறப்பு. மூன்று மாசத்துக்குள் ஒரு ஜெட் விமானம்! அலுமினியம் இல்லை, மரத்தில் செய்தார்கள். நல்ல பசை செய்கிற தொழிற்சாலை குண்டுவீச்சில் போய்விட்டது, வேறு பசை போட்டார்கள். டிசம்பர் 10, அதிகாரிகள் முன்னிலையில் இரண்டாவது பறப்பு. அந்தப் பசை மரத்தையே தின்றிருந்தது. இறக்கை பிய்ந்துபோய் விமானி செத்தார். இதில் ஹிட்லர் இளைஞர் படையின் பையன்களை ஏற்றிவிடலாம் என்பது திட்டம். கிளைடர் ஓட்டத் தெரிந்தால் போதுமாம்.

‘பரிசோதனை’ என்ற சொல்லை நாம் எப்போதும் இயந்திரத்தோடு சேர்த்தே வாசிக்கிறோம். யாருடைய உடல் பரிசோதனைப் பொருள் என்று கேட்டால் அந்தச் சொல் வேறு மாதிரித் தெரியும். 1944 நவம்பரில் ஜெர்மன் கடற்படைக்கு ஒரு புது மாத்திரை தேவைப்பட்டது. குட்டி நீர்மூழ்கியில் ஒன்றிரண்டு பேர் நாள்கணக்கில் தூங்காமல் உட்கார வேண்டும். கோகெய்ன், மெத்தாம்ஃபெட்டமின், ஓபியம் வகையைச் சேர்ந்த ஆக்சிகோடோன் மூன்றையும் கலந்தார்கள். பெயர் டி-9. எங்கே சோதிப்பது? சாக்ஸன்ஹௌசன் வதைமுகாமில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது. அங்கே ஒரு நடைத்தடம். வெவ்வேறு வகைத் தரைகள் போட்டது. செருப்புக் கம்பெனிகளின் புதுவகை அடிப்பாகம் எத்தனை நாள் உழைக்கும் என்று பார்க்கக் கைதிகளை அதில் நாள் முழுக்க நடக்கவிடுவார்கள். அதே தடத்தில், அதே கைதிகளுக்கு டி-9 கொடுத்து, முதுகில் மூட்டையேற்றி, ராப்பகலாக நடக்க வைத்தார்கள்.

செருப்பு எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று பார்த்த இடத்திலேயே உடல் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று பார்த்தார்கள். அதிகாரத்தின் கணக்கில் இரண்டும் ஒரே பதிவேடு. மாத்திரை இங்கே மருந்தாக வரவில்லை. நோயாளி என்று யாரும் இல்லை. இயந்திரத்தின் வேகத்துக்கும் நேரத்துக்கும் ஒத்துவராத ஒரே பாகம் மனித உடல். அந்தப் பாகத்தை மற்ற பாகங்களோடு பொருத்த வந்த உதிரிச் சாமான் என்றுதான் நான் மாத்திரையைப் புரிந்துகொள்கிறேன். வேகம்தான் நவீன யுத்தத்தின் அரசியல் என்று பால் விரிலியோ 1977இல் எழுதினார். ஆம்ஃபெட்டமினுக்குத் தெருப் பெயரே ‘ஸ்பீட்’ என்பது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

4

நாஜிகளோடு நிறுத்திக்கொண்டால் கதை சௌகரியமாக முடிந்துவிடும். கெட்டவன் கெட்டதைச் செய்தான், சரி, வீட்டுக்குப் போகலாம். ஆனால் ‘ஜனநாயகத்தைக் காத்த’ தரப்பிலும் இதே டப்பா இருந்தது. பெயர் மட்டும் பென்செட்ரின். அமெரிக்க ஸ்மித், கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் கம்பெனியின் சரக்கு. உள்ளே ஆம்ஃபெட்டமின். பிரிட்டிஷ் விமானப்படை 1942இல் இதை அதிகாரபூர்வமாக அனுமதித்தது. எல் அலமெய்ன் போருக்கு மாண்ட்கோமரியின் படைக்கும் வழங்கப்பட்டது. அமெரிக்கப் படைகளும் பின்தொடர்ந்தன.

இங்கேதான் ஒரு விசேஷம். நிக்கோலஸ் ராஸ்முசன் என்ற வரலாற்றாசிரியர் நேச நாடுகளின் ஆவணங்களைக் குடைந்து எழுதியிருக்கிறார். களைத்தவனுக்கு ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் அவன் நிஜத்தில் நன்றாக வேலை செய்கிறானா என்று ஆய்வுக்கூடங்களில் சோதித்தார்கள். காஃபீனைவிட அது மேலானது என்று உறுதியாக நிரூபணமாகவில்லை. அப்படியிருந்தும் ராணுவங்கள் ஏற்றுக்கொண்டன. ஏன்? மாத்திரை போட்டவன் தான் நன்றாகச் செய்கிறோம் என்று நினைத்தான். உற்சாகமாக இருந்தான், முரட்டுத் துணிவு வந்தது, புகார் சொல்லவில்லை. படைக்குத் தேவைப்பட்டது அந்த மனநிலை. கை நடுங்குகிறதா இல்லையா என்பது அப்புறம்.

இதைத் திரும்ப வாசியுங்கள். களைப்பு என்பது உடல் சொல்கிற ஒரு வாக்கியம். ‘போதும்’ என்கிற வாக்கியம். மாத்திரை களைப்பைப் போக்கவில்லை, அந்த வாக்கியத்தை அழித்தது. ஃபூக்கோ பழக்கப்படுத்தப்பட்ட உடல் பற்றிப் பேசியபோது அணிவகுப்பு, மணியடித்தல், கண்காணிப்புக் கோபுரம் இவற்றையெல்லாம் சொன்னார். இங்கே கோபுரம் ரத்தத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

ஜப்பானில் இந்தக் கதை தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிடுகிறது. மெத்தாம்ஃபெட்டமினை உலகில் முதலில் செய்தவரே ஒரு ஜப்பானிய வேதியியலாளர்தான், நாகாய் நாகாயோஷி, 1893இல். யுத்தத்துக்கு முன்னால் அது ‘ஹிரோபோன்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உழைப்பை நேசிப்பவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர்! உழைப்பை நேசிக்க வைக்கும் மாத்திரை. விமானிகளுக்குக் கொடுத்தார்கள். ஆயுதத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கும் கொடுத்தார்கள். விமானத்தை ஓட்டியவனுக்கும் அதைச் செய்தவனுக்கும் ஒரே மாத்திரை.

அந்தத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த கடைசி வகைப் பரிசோதனை விமானம் ‘ஓஹ்கா’. செர்ரிப் பூ என்று அர்த்தம். மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்து, வாலில் ராக்கெட், நடுவில் ஒரு பையன். தாய் விமானத்தின் வயிற்றிலிருந்து கழற்றிவிடுவார்கள். இறங்குவதற்கான ஏற்பாடு எதுவும் அதில் கிடையாது. 1945 மார்ச் 21 முதல் தாக்குதல். ஓஹ்காக்களைச் சுமந்து வந்த தாய் விமானங்கள் இலக்கை அடையும் முன்பே அத்தனையும் சுட்டு வீழ்த்தப்பட்டன. அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பாகா’, ஜப்பானிய மொழியில் முட்டாள். உதிரிச் சாமான், பாகம் என்று சற்று முன்னால் எழுதினேனே, அது இங்கே உவமையாக இல்லை. வழிகாட்டும் கருவிக்குப் பதிலாக ஒரு மனிதன் பொருத்தப்பட்டான்.

யுத்தம் முடிந்ததும் ராணுவக் கிடங்குகளில் மிஞ்சிய ஹிரோபோன் கள்ளச் சந்தைக்கு வந்தது. இடிந்த நகரங்களில் வேலை தேடியவர்கள், எழுத்தாளர்கள், மாணவர்கள், இரவுத் தொழிலாளிகள் என்று பரவி, 1951இல் ஜப்பான் அதற்காகவே தனிச் சட்டம் போட வேண்டிவந்தது. நேற்றுவரை கொடுத்த கையே இன்று விலங்கு மாட்டியது.

5

இப்போது அந்த வாயை மோந்து பார்த்த மனிதரிடம் திரும்புகிறேன்.

2002 ஏப்ரல், ஆப்கானிஸ்தானின் காந்தஹார் பக்கம் தர்னாக் பண்ணை. அமெரிக்க எஃப்-16 விமானி ஒருவர் கீழே தெரிந்த வெளிச்சத்தை எதிரி என்று நினைத்துக் குண்டு போட்டார். பயிற்சியிலிருந்த கனடாச் சிப்பாய்கள் நால்வர் செத்தார்கள். விசாரணையில் விமானிகளின் வக்கீல்கள் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். அவர்கள் இருவரும் ஆம்ஃபெட்டமின் சாப்பிட்டிருந்தார்கள். படையே கொடுத்தது. ‘கோ பில்’ என்று பெயர். திரும்பி வந்ததும் தூங்குவதற்கு ‘நோ-கோ பில்’ தனி. விருப்பப்பட்டால் சாப்பிடலாம், கட்டாயமில்லை என்றது விமானப்படை. கையெழுத்து வாங்கிய படிவத்திலேயே, மறுத்தால் பறக்கத் தகுதியற்றவர் என்று முடிவு செய்யப்படலாம் என்ற வாசகமும் இருந்தது. கடைசியில் குண்டு போட்ட விமானிக்கு 2004இல் கண்டனமும் அபராதமும் கிடைத்தன. மாத்திரை தொடர்ந்தது.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. இரண்டிலும் நாம் விழக் கூடாது. ஒன்று, ‘மருந்துதான் செய்தது’ என்பது. 2015இல் நார்மன் ஓலர் நாஜி ஜெர்மனியின் போதை பற்றி எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றது. அதை வாசித்த பல வரலாற்றாசிரியர்கள் எச்சரித்தார்கள்: எல்லாவற்றையும் மாத்திரையில் கொண்டுபோய்ப் போட்டால் கொள்கையும் கட்டளையும் முடிவும் ஆவியாகிவிடும். சரியான எச்சரிக்கை. யூதர்களைக் கொன்றது மெத்தாம்ஃபெட்டமின் இல்லை. இரண்டாவது பொறி இதன் மறுபக்கம்: ‘அவன்தான் சாப்பிட்டான்’ என்பது. வேலை நேரத்தை நிர்ணயித்தது யார், இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டியது யார், டப்பாவை மேஜையில் வைத்தது யார் என்பதெல்லாம் மறைந்து, குற்றம் முழுவதும் ஒருவன் வாய் நாற்றத்தில் வந்து குவியும். முதல் பொறி தளபதிக்கு உதவுகிறது. இரண்டாவது முதலாளிக்கு. ஸ்ரீகாகுளத்துப் பையனின் காகிதத்தில் ஏறியது இரண்டாவது.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். ‘என்ன சாப்பிட்டான்?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எத்தனை மணி நேரமாக விழித்திருந்தான், யார் சொல்லி?’ என்று கேட்க வேண்டும்.

6

இதுவரை விமானத்துக்குள் இருந்தவனின் தூக்கத்தைப் பற்றியே பேசினேன். இந்த வகைக் கதையாடலே அப்படித்தான். விமானப் பிரியர்களின் புத்தகங்கள் எல்லாம் காக்பிட்டிலிருந்து எழுதப்பட்டவை. கீழே கிடப்பவன் அதில் இலக்கு, அல்லது எண்ணிக்கை. முகாம்க்காரர் எனக்குச் சொன்னது கீழேயிருந்து வந்த வாக்கியம்.

அவர் ‘பொம்மர்’ என்று சொன்னதில் ஜெட் விமானம் மட்டும் அடங்கவில்லை. இலங்கை விமானப்படையிடம் எண்பதுகளில் குண்டு போடும் விமானங்கள் போதவில்லை. சீனாவிடமிருந்து வாங்கிய ஒய்-12 என்ற சிறிய போக்குவரத்து விமானத்துக்குக் குண்டு மாட்டும் சட்டம் பொருத்தினார்கள். பயணிகளும் சரக்கும் சுமந்த ஆவ்ரோவும் குண்டு சுமந்தது. வெடிமருந்து அடைத்த பீப்பாய்கள் வடக்கு மக்களின் தலையில் விழுந்தன. குறி வைப்பது என்ற பேச்சே இல்லாத ஆயுதம். தமிழர்கள் வாழ்வில் வந்துபோன ‘பரிசோதனை யுத்த விமானம்’ என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பரிசோதனைக்கு ஆளானவர்கள் பங்கருக்குள் இருந்தார்கள். பின்னால், 2007 மார்ச்சில், விடுதலைப் புலிகள் ஸ்லின் 143 எனும் இலகுரகப் பயிற்சி விமானத்தில் குண்டு மாட்டிக் கட்டுநாயக்க தளத்தைத் தாக்கியதும் இந்த மாற்றித் தைக்கும் வரலாற்றில்தான் சேரும். இரு தரப்புக்கும் அளவும் பலமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. சிவில் விமானம் எத்தனை சுலபமாகக் குண்டு விமானமாகிறது என்பதைச் சொல்கிறேன்.

இன்று விமானியே வேண்டாம் என்கிறார்கள். டிரோன் வந்துவிட்டது. விமானி இல்லை, எனவே மாத்திரையும் இல்லை என்று ஒரு நிமிஷம் தோன்றும். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் அறைக்குள் உட்கார்ந்து, மாறி மாறி ஷிப்ட் பார்த்து, திரையில் யாரையோ பார்த்துக்கொண்டிருப்பவனும் இரவுத் தொழிலாளிதான். அவனுடைய களைப்பு இப்போது ராணுவ ஆய்வுகளின் தனித் தலைப்பு. கீழே? பாகிஸ்தானின் வஸீரிஸ்தான் மக்களைச் சந்தித்து ஸ்டான்ஃபோர்ட், நியூயார்க் பல்கலைக்கழகங்களின் சட்டத் துறையினர் 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தலைக்கு மேல் ஓயாத ரீங்காரம், பயம், தூக்கமின்மை, தூக்க மாத்திரை என்று அதில் வருகிறது. மேலே விழிக்க மாத்திரை, கீழே தூங்க மாத்திரை. 1993இல் ஒரு ரோலிங் மில்லில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் பத்து வார்த்தையில் சொன்னதும் அதுவே.

7

கடைசியாக நிகழ்காலம். 2023 ஏப்ரல் 21, தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. வேலை நேரக் கட்டுப்பாடுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு அரசு விலக்குத் தரலாம் என்பது அதன் சாரம். பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டம் என்று தொழிற்சங்கங்கள் சரியாகவே பெயர் வைத்தன. எதிர்ப்பு கிளம்பியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில், 24ஆம் தேதி, நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். 1923இல் சிங்காரவேலர் இதே மெட்ராஸில் மே தினம் கொண்டாடியதற்குச் சரியாக நூறு வருஷம். வெற்றிதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த விவாதத்தில் ஒரு வாதம் எனக்குத் தைத்தது. ‘தொழிலாளி விரும்பினால்தானே, வாரத்தில் நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, கட்டாயம் இல்லையே’ என்றார்கள். கோ பில் படிவத்தின் வாசகம் ஞாபகம் வருகிறதா? மறுக்கிற உரிமை இருக்கிறது. மறுத்தவனுக்கு வேலைதான் இருக்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஏஜெண்ட் மூலம் வந்து, சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு ரூமுக்குப் பத்துப் பேராகத் தங்கியிருப்பவன் எந்தப் படிவத்தில் ‘மாட்டேன்’ என்று எழுதுவான்? ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுக்கிறான். பாய்க்கு ஓய்வு கிடையாது. சட்டம் வாபஸ் ஆனதால் இவனுடைய பன்னிரண்டு மணி நேரம் எட்டாகிவிடவில்லை. அது சட்டத்துக்கு முன்பும் இருந்தது, சட்டம் இல்லாமலும் நடக்கிறது.

தொழிலாளர்களிடையே போதை என்று இன்று நிறையப் பேசுகிறோம். பெட்டிக்கடையில் ஒளித்து விற்கிற புகையிலைப் பொட்டலம், வலி மாத்திரைத் துஷ்பிரயோகம், ரெய்டு, விழிப்புணர்வுப் பேரணி. தேவைதான், உயிர் போகிறது. நம் தோழர்களும் துண்டுப் பிரசுரம் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பிரசுரங்களில் பொட்டலத்தின் படம் இருக்கிறது, கடிகாரத்தின் படம் இல்லை. 2019இல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெண்களுக்குப் பெயரில்லாத மாத்திரைகள் வேலை இடத்திலேயே கொடுக்கப்பட்டதாகச் செய்தி வந்ததே, அங்கே போதை ஒழிப்புப் பேரணி எதுவும் போகவில்லை. உற்பத்தி நிற்காமலிருக்க விழுங்கினால் மருந்து, உற்பத்தி நின்ற பிறகு கண்டுபிடித்தால் போதை. இந்த எல்லைக்கோட்டை வரைகிற கை எது என்று எழுதுவது எழுதுகிறவர்களின் வேலை. விபத்து நடந்த இடத்துக்குப் போகிற தோழர்கள் வருகைப் பதிவேட்டை முதலில் கேளுங்கள். மோந்து பார்க்கிற மனிதருக்கு முன்னால் போய்ச் சேருங்கள்.

அந்தப் பையன் பிழைத்தான். ஒரு கால் சரியாக ஊன்ற வராமல் ஊருக்குப் போய்விட்டான். முகாம்க்காரரைப் பத்து வருஷம் கழித்துக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பார்த்தேன். பெயிண்ட் அடிக்கிற வேலை, பகலில் மட்டும் என்றார். ‘இப்ப தூக்கம் வருதாண்ணே?’ என்று கேட்டேன். ‘மழை பெய்தா வரும் தம்பி. மழையில பொம்மர் வராது, இல்லையோ’ என்று சொல்லிச் சிரித்தார். சூலூர்ப்பேட்டை ரயில் வந்தது. ஏறிவிட்டேன்.